எந்த மூவ்ல சார்

தோற்றதுகூட மலர்க்கொடிக்கு வலிக்கவில்லை. தோற்றவளை உட்கார வைத்து அந்த மனுஷன் பாடம் எடுத்தாரே, அதுதான் ஒரு வருஷமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

நெல்லோடு சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகம், தஞ்சாவூரில். எந்தத் துறை, எந்தத் தெரு என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இருப்பவர்கள் இது யாரைப் பற்றியது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள், கோப்புகள் அப்படியே கிடக்கும். மலர்க்கொடி அங்கே உதவியாளர். வயது முப்பத்தெட்டு, ஊர் பேராவூரணிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பெண். தேர்வு எழுதி, தரவரிசையில் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். யாரும் விட்டுக்கொடுத்து அவள் எதையும் வாங்கியதில்லை.

அலுவலகத்தின் தலைமை அதிகாரி சேரன் சார். மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்து, தெருவுக்குத் தெரு குதிரைத்தலை பொம்மை வேட்டி கட்டிக்கொண்டு நின்ற அந்த வருஷம்தான் அவர் இங்கே வந்தார். அந்த வருஷம்தான் துறையின் விளையாட்டு நாளில் கயிறு இழுப்புக்கும் கேரமுக்கும் நடுவில் செஸ்ஸையும் சேர்த்தார்கள். செஸ்ஸில் ஜெயிப்பவர் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார். முதல் வருஷம் சேரன் சார் போனார். இரண்டாவது வருஷமும் போனார். மூன்றாவது வருஷமும் அவரேதான்.

அவரை ஜெயிக்க விடும்படி யாரும் உத்தரவு போடவில்லை. அதிகாரி உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, நிற்கிறார்கள் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். முதல் வருஷம் இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் கண்காணிப்பாளர் அருள்சாமி. நாற்பது வருஷமாகக் காய் பிடித்த கை. அப்படிப்பட்டவர் பச்சைக் குழந்தைபோல் ராணியைக் கொண்டுபோய் வாயில் கொடுத்துவிட்டு, "சார் லெவலே வேற" என்று கைகுலுக்கினார். அடுத்த வருஷம் ஜீப் ஓட்டுநர் அப்துல் அஜீஸ். அவரும் அப்படியே. இப்படி மூன்று வருஷமாக ஊட்டி வளர்த்ததில் சேரன் சாருக்குத் தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. அவருடைய தாக்குதலை யாராலும் தாங்க முடியாதாம். சென்னையில் மூன்று தடவையும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் திரும்பி வந்தார். கேட்டால் ஹாலில் வெளிச்சம் போதாது, ஏசி குளிர் அதிகம், எதிரே உட்கார்ந்தவனுக்கு மரியாதை தெரியவில்லை என்பார். ஆமாம், மரியாதை தெரிந்திருந்தால் அவனும் ராணியைக் கொடுத்திருப்பான்.

மலர்க்கொடி செஸ் கற்றுக்கொண்டது பஸ்ஸில். பேராவூரணியிலிருந்து தஞ்சாவூருக்குப் போக இரண்டரை மணி நேரம், திரும்ப இரண்டரை மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கைபேசியை எடுத்துவிடுவாள். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் நெட்டில் ஆள் பிடித்து ஆட முடியாது. கைபேசிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரோடுதான் ஆடவேண்டும். அது கை தவறி எதையும் வைக்காது, பயந்து எதையும் கொடுக்காது. இரண்டு வருஷம் தோற்றாள். அப்புறம்தான் பிடிபட்டது: அவசரப்பட்டு வெட்டப் போகக் கூடாது. நம் காய்கள் ஒவ்வொன்றையும் நல்ல இடத்தில் உட்கார வைக்கவேண்டும், எதிராளியின் காய்களுக்கு நல்ல இடம் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மீதி தானாக வரும். பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

போன வருஷம் அவள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். இருபத்தைந்து நகர்த்தல் முடிந்தபோது சேரன் சாரின் நிலை அரைகுறையாக இடித்த வீடுபோல் இருந்தது. அப்போதுதான் அருள்சாமி வராந்தாவிலிருந்து கண்ணைக் காட்டினார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனாள்.

"மலரு, உன் டிரான்ஸ்ஃபர் மனு சார் மேசையிலதான் இருக்கு. உன் ஊருக்குப் பக்கத்துல பட்டுக்கோட்டை ஆபீஸ் வேணுமா, இந்த டம்ளர் சைஸ் கப்பு வேணுமா? நீயே யோசிச்சுக்கம்மா."

அவள் மகள் பத்தாம் வகுப்பு. காலையில் அவள் எழுவதற்கு முன்பே அம்மா பஸ் ஏறிவிடுகிறாள். மலர்க்கொடி யோசித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, இருபத்தாறாவது நகர்த்தலில் யானையைத் தூக்கி அவருடைய குதிரைக்கு நேராக வைத்தாள். "ஆகா" என்றபடி அவர் வெட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஜெயித்த மனுஷன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, அவளை எதிரே உட்கார வைத்து, இருபது நிமிஷம் அவள் செய்த தப்பை விளக்கினார். "யானையை இவ்வளவு அவசரமா வெளிய எடுக்கக் கூடாதும்மா. பெண்களுக்குப் பொதுவா அந்தப் பொறுமை வராது. நகர்த்திக்கிட்டே இருந்தா ஆட்டம் ஆகாது, தாக்கணும், தெரியுதா?" அவள் வேண்டுமென்றே கொடுத்த யானை அது. அதைத் தின்றுவிட்டு அவளுக்கே சமையல் சொல்லிக் கொடுக்கிறார். அன்று மாலை அந்த நிலையைப் படமாக வரைந்து, "தவறுகளிலிருந்து கற்போம்" என்று தலைப்பும் போட்டு, அலுவலக வாட்ஸப் குழுவில் ஏற்றினார். முப்பத்தேழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மலர்க்கொடியும் ஒரு கைகூப்பும் படம் போடவேண்டியிருந்தது. அதைப் போட்ட விரலை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இடமாறுதலாவது வந்ததா? வரவில்லை. மனு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பத்தாம் வகுப்பு முடிந்து மகள் பதினொன்றாம் வகுப்புக்கும் போய்விட்டாள், மனு மேசையைவிட்டு நகரவில்லை.

இந்த ஆடியில் மறுபடி விளையாட்டு நாள், மறுபடி இறுதி ஆட்டத்தில் அதே இரண்டு பேர். இந்தத் தடவை மலர்க்கொடி வெறுமனே ஜெயிக்க வரவில்லை. அந்த வாயை அவளுக்குத் தெரியும். கை தவறிவிட்டது, போன் வந்தது, கவனிக்கவில்லை என்று ஆயிரம் சொல்லும். அப்படி ஒரு சொல்லுக்கும் இடமில்லாமல், எல்லாக் காயும் பலகையில் இருக்க, ஒன்றைக்கூட நகர்த்த முடியாமல் அவர் தோற்கவேண்டும். தான் தோற்றது அவருக்கே தெரியவேண்டும். சென்னைகூட அவளுக்கு அடுத்தபடிதான்.

போட்டி நடந்தது ஒரு பள்ளிக்கூட ஹாலில். காலையில் வாசலிலேயே அருள்சாமி பிடித்துக்கொண்டார். "மனு இன்னும் அங்கதாம்மா இருக்கு" என்றார் மெல்ல.

"போன வருசமும் அங்கதான் சார் இருந்துச்சு."

அருள்சாமி வழியை விட்டு விலகிக்கொண்டார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாசம் இருந்தது.

இந்த வருஷம் நடுவராகக் கும்பகோணத்திலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதவேண்டும், அந்தத் தாளையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்ததால் வந்த ஏற்பாடு. சேரன் சார் வழக்கம்போல் வெள்ளைக்காய்ப் பக்கம் போய் உட்கார்ந்தார். நடுவர் வெள்ளைச் சிப்பாய் ஒன்றையும் கறுப்பு ஒன்றையும் கைக்கொன்றாக மூடி நீட்டினார்.

"அதெல்லாம் எதுக்கு? எப்பவும் நான்தான் வெள்ளை" என்றார் சார்.

"தேர்ந்தெடுங்க சார்" என்றார் நடுவர். அவருக்கு இந்த ஆள் யாரென்று தெரியாது, பாவம். வெள்ளை மலர்க்கொடிக்கு வந்தது. சார் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தபோது பின்னால் நின்ற கூட்டத்தில் யாருக்கோ இருமல் வந்தது.

ஆட்டம் தொடங்கியது. பத்து நகர்த்தலுக்குள் நடுவில் இரண்டு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்றன. இனி அங்கே எதுவும் நகராது. அந்த நெரிசலில் சேரன் சாரின் ஒரு மந்திரி அவருடைய சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. மலர்க்கொடி பார்த்தாள். அவருடைய இன்னொரு மந்திரி நல்ல மந்திரி. அதற்குத் தன் மந்திரியைக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். "காய் காலியாகுதே" என்று சார் சிரித்தார். இரண்டு மந்திரிகளில் உதவாதது மட்டும் அவரிடம் மிஞ்சியது.

பத்தொன்பதாவது நகர்த்தலில் அது நடந்தது. சார் தாக்குதலுக்குக் கிளம்பும் உற்சாகத்தில் குதிரையை எடுத்து, அவளுடைய சிப்பாய் வெட்டும் கட்டத்தில் வைத்து, கையையும் எடுத்து, தாளிலும் எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் பார்த்தார். நடுவர் அப்போது மூன்றாம் இடத்துக்கான மேசையில் ஏதோ தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"கை தவறி வச்சுட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே குதிரையைத் திரும்ப எடுத்தார். கேட்கக்கூட இல்லை. தன் வீட்டுச் சாமானை எடுப்பதுபோல் எடுத்தார்.

தொட்ட காயைத் திருப்ப முடியாது என்பது அரிச்சுவடி. ஒரு கை தூக்கினால் போதும், நடுவர் வருவார், குதிரை போகும், ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்தக் குதிரையை வெட்டி ஜெயித்தால் நாளைக்கு ஊர் முழுக்கக் கை தவறிய கதைதான் ஓடும்.

"எடுத்து வைங்க சார்" என்றாள். தன் தாளில் பத்தொன்பதாவது வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிய நகர்த்தலைப் பக்கத்தில் எழுதினாள். அவரும் தன் தாளில் அப்படியே செய்தார். பின்னால் அருள்சாமி பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மலர்க்கொடியின் குதிரை நாலு தாவலில் சுற்றிக்கொண்டு போய் அவருடைய பகுதிக்குள்ளேயே ஒரு கட்டத்தில் உட்கார்ந்தது. விரட்டுவதற்கு அவரிடம் ஒரு சிப்பாய்கூட இல்லை. பலகையில் திறந்திருந்தது ஒரே ஒரு நேர்வழி. அதில் அவளுடைய இரண்டு யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சார் ராஜாவைத் தாக்க ராணியைக் கிளப்பினார். அவள் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள், ராணிக்கு நுழைய இடமில்லை. அவர் இன்னொரு சிப்பாயை முன்னே விரட்டினார். அவள் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி வைத்துவிட்டாள், அந்தச் சிப்பாய் வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

"ஒண்ணுமே நடக்கலையே" என்று கொட்டாவி விட்டபடி ஒருவர் கேரம் பக்கம் போனார்.

அப்துல் அஜீஸ் மட்டும் நகராமல் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பலகையை அல்ல, சாரின் கையை. அந்தக் கை ஒரு காயை நோக்கிப் போகும், தயங்கும், திரும்பி வரும், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யும். தண்ணீர் வரும் தலைமடையை அடைத்துவிட்டால் கடைமடையில் மண்வெட்டியோடு நிற்பவன் எவ்வளவு பலசாலியாக இருந்தும் என்ன செய்வான், அந்த நிலைமைதான்.

முப்பத்தெட்டாவது நகர்த்தலில் சேரன் சார் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "எண்ணிப் பாரும்மா, உனக்கு எத்தனை காயோ எனக்கும் அத்தனை. சமமா இருக்கு. டிரா வச்சுக்குவோம்."

டிரா ஆனால் பதவியில் மூத்தவர் சென்னைக்குப் போவார். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதும் அவர்தான்.

"ஆடுவோம் சார்" என்றாள்.

அவர் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு சிப்பாயைத் தள்ளினார். மலர்க்கொடி தன் ராஜாவை ஒரு கட்டம் பக்கவாட்டில் வைத்தாள். அவர் அந்தச் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினார். அவள் ராஜாவைப் பழைய கட்டத்துக்கே கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. அவருக்குத் தள்ளச் சிப்பாய் தீர்ந்துபோயிற்று. இனி குதிரையை நகர்த்தினால் சிப்பாய் விழும், ராணியை நகர்த்தினால் யானை விழும், யானையை நகர்த்தினால் ராஜா விழுவார். மந்திரியாலும் ராஜாவாலும் நகரவே முடியாது. எல்லாக் காயும் பத்திரமாக இருந்தன. அவருடைய முறை மட்டும் வந்துவிட்டது, ஏதாவது ஒன்றை நகர்த்தித்தான் ஆகவேண்டும்.

கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் ஓடியது. சாரின் காதோரம் வியர்வை இறங்கியது. கேரம் பக்கம் போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். கடைசியில் ராணியை எடுத்து வைத்தார். யானை போயிற்று. அடுத்து மந்திரி போயிற்று. அதிலிருந்து ஐந்தாவது நகர்த்தலில் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தார்.

எழுந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, வாய் கூசாமல் சொன்னார்: "பாவம், தினம் அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்ற பொண்ணு. ஒரு தடவை சென்னை பார்த்துட்டு வரட்டும்னு விட்டுக் குடுத்துட்டேன்."

நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் தலையாட்டவும் செய்தார்கள். குதிரையைத் திருப்பிக் கொடுத்து, எல்லா வாசலையும் அடைத்து, இவ்வளவு செய்தும் இந்த வாய்க்கு ஒரு சந்து கிடைத்துவிட்டது. தானமாக வாங்கின ஜெயம் என்று ஆக்கிவிட்டார். மலர்க்கொடி தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எந்த மூவ்ல சார்?"

"என்னம்மா?"

"எந்த மூவ்ல விட்டுக் குடுத்தீங்கன்னு கேட்டேன். இந்தாங்க, எல்லா மூவும் எழுதியிருக்கு. நீங்க எழுதினதும் உங்க கையிலயே இருக்கு. காட்டுங்க சார்."

சேரன் சார் தாளை வாங்கவில்லை. "அதெல்லாம் பொதுவா ஒரு விட்டுக் குடுக்கறது. இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது."

"பொதுவா விட்டுக் குடுக்க முடியாது சார்" என்றாள் மலர்க்கொடி. அவர் வாய் திறப்பதற்குள் மேலே பேசினாள். "போன வருசம் இருபத்தாறாவது மூவ்ல யானையை உங்க குதிரைக்கு நேரா கொண்டுவந்து வச்சேன். பட்டுக்கோட்டை கிடைக்கும்னு வச்சேன். விட்டுக் குடுக்கறதுன்னா அதுதான். குடுத்தவங்களுக்கு எந்த மூவ்னு ஆயுசுக்கும் மறக்காது. நீங்க படம் போட்டுப் பாடம் எடுத்தீங்களே, அது என் தப்பு இல்ல சார், நான் குடுத்தது."

நடுவர் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பத்தொன்பதாவது மூவ் ரெண்டுலயும் அடிச்சிருக்கே, என்ன அது?"

"சார் குதிரையைத் தப்பா வச்சிட்டுத் திருப்பி எடுத்தாரு. நான் எடுத்துக்க விட்டேன்" என்றாள்.

நடுவர் சேரன் சாரைப் பார்த்தார். "அப்ப இந்த ஆட்டத்துல விட்டுக் குடுத்தது இவங்கதானே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். அவர் கும்பகோணத்துக்காரர், மாலையில் ரயில் ஏறிப் போய்விடுவார், அவருக்கென்ன.

சேரன் சாரின் முகம் கறுத்துவிட்டது. ஆதரவுக்காகத் திரும்பினார். எப்போதும் நிற்கும் இடத்தில், எப்போதும் நிற்பதுபோல் கைகட்டிக்கொண்டு அருள்சாமி நின்றிருந்தார். "என்ன அருள்சாமி, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இந்தம்மா என்னமோ சொல்லுது. இங்க யாராவது எனக்கு விட்டுக் குடுத்திருக்கீங்களாய்யா?"

அருள்சாமி கட்டிய கையைப் பிரித்தார். எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அப்படியே தொங்கவிட்டிருந்தார்.

"எனக்குப் பதினொண்ணாவது மூவ் சார்" என்றார். "ராணி."

பிறகு கதவோரத்திலிருந்து, ஜீப் சாவியை விரலில் மாட்டியபடி, அப்துல் அஜீஸ் சொன்னார்.

"எனக்குப் பதினாலு சார்."